நாலாவது லேண்ட்

அந்த மேப்பை வரைந்தது நான்தான். இன்னொருத்தர் தலையில் கட்ட முடியாது. அன்று ஞாயிற்றுக்கிழமை, அடைமழை. தேனியில் நான் வைத்திருக்கும் ஃபிளக்ஸ் கடைக்கு ஒரு ஈ காக்கா வரவில்லை. காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கண்ணீர் அஞ்சலி என்று ஒரு ஆர்டரும் இல்லாத நாள் எனக்கு வாய்ப்பதே அபூர்வம். போர்த்திக்கொண்டு தூங்கியிருக்கலாம். வேலையற்ற வேலை பார்த்தேன்.

எனக்கு இருந்த பைத்தியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தீம் பார்க் பைத்தியம். கல்லூரியில் படிக்கும்போது மலைக்கு அந்தப் பக்கம், கேரளாவில் ஒரு பார்க்குக்கு டூர் கூட்டிப்போனார்கள். தலைகீழாகச் சுற்றும் ரைடில் ஏறினவள் இன்னும் இறங்கவில்லை என்று வீட்டில் கேலி பேசுவார்கள். என்னைப் போன்றவர்கள் கூடியிருந்த ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தேன். அங்கே யாரும் போய்வந்த கதை பேசுவதில்லை. வரப்போவதைத்தான் பேசுவார்கள். எந்தப் பழைய ரைடைக் கழற்றப் போகிறார்கள், அந்த இடத்தில் எது வரும், பச்சைத் துணி கட்டி மறைத்த மூலையில் என்ன நடக்கிறது. ஒருவர் வேலிச் சந்தில் படம் பிடித்துப் போடுவார். அதில் நாலு இரும்புத் தூண் தெரியும். தூணின் தடிமனைப் பார்த்து ஒருவர் ரோலர் கோஸ்டர் என்பார், இன்னொருவர் தண்ணீர்த் தொட்டி என்பார். மூன்று நாள் சண்டை ஓடும். பார்க் நடத்துகிறவர்களே அப்படி எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டால் எங்களுக்கு இன்னும் குஷி. மறுத்தாலே வருகிறது என்றுதான் அர்த்தம் என்று குழுவில் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தது வேறு யாருமில்லை, நானேதான்.

பெரிய பார்க்குகளைப் பகுதி பகுதியாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு கதை. கட்டடம், ரைடு, சாப்பாட்டுக் கடை எல்லாம் அந்தக் கதைக்குப் பொருந்தி வரும். அந்தப் பகுதிக்கு எங்கள் பாஷையில் லேண்ட் என்று பெயர். காட்டு லேண்ட், பனி லேண்ட், இப்படி. எங்கள் ஜில்லாவில் லேண்ட் என்றால் வாங்கி விற்கிற நிலம் என்பது அன்றைக்கு என் மரமண்டையில் உறைக்கவில்லை.

அந்த மழைநாளில் குழுவில் ஒருவர், கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு பார்க் வந்தால் எங்கே வரும் என்று கேட்டிருந்தார். விடுவேனா? செயற்கைக்கோள் படத்தை எடுத்து கம்ப்யூட்டரில் விரித்தேன். எனக்கு அங்குலம் அங்குலமாகத் தெரிந்த இடம் ஓடைப்பட்டி. அங்கேதான் என் சித்தப்பாவின் திராட்சைத் தோட்டம். சித்தப்பாவுக்கும் சித்திக்கும் பிள்ளையில்லை. பள்ளி லீவு விட்டால் நான் அங்கேதான் கிடப்பேன். மழை லேண்ட், யானை லேண்ட், சந்தை லேண்ட் என்று மூன்றை அக்கம்பக்கத்துக் காடுகளில் வைத்தேன். நாலாவதுதான் என் பெருமை. அதைச் சித்தப்பா தோட்டத்தின் மேலேயே வைத்தேன். திராட்சைப் பந்தலுக்கு அடியில், இருட்டில் ஓடுகிற பேய் ரயில். கிணற்றோரம் திரும்பும்போது ரயில் நின்றுவிடும். பந்தலிலிருந்து கைகள் தொங்கி வந்து, உட்கார்ந்திருப்பவர்கள் முடியைத் தடவும். அம்புக்குறி போட்டு அதையெல்லாம் என் கையெழுத்திலேயே எழுதினேன். அரசாங்கக் காகிதம் மாதிரி இருக்கட்டும் என்று ஒரு முத்திரை. 'நான்காம் கட்டம்: புதிய லேண்ட்' என்று கொட்டை எழுத்து. ஓரத்தில் 'கற்பனை' என்றும் போட்டேன், பொடி எழுத்தில். அதையும் கொட்டை எழுத்தில் போட்டிருந்தால் என் கை தேய்ந்தா போயிருக்கும்?

குழுவில் எல்லோரும் கைதட்டினார்கள். எவனோ ஓரத்தை வெட்டிவிட்டு வெளியே அனுப்பினான். பத்து நாள் கழித்து மனை விற்கிற ஒருவர் என் கடைக்கே வந்து போனை நீட்டினார். என் மேப்.

"இதப் பெருசா அடிச்சுக் குடுங்க. ஓடைப்பட்டியில புது லேண்ட் வருதாம்ல. நாலாவது கட்டமா நெலம் எடுக்குறாகளாம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அண்ணே, அது சும்மா விளையாட்டுக்கு வரைஞ்சது. அப்பிடி ஒண்ணுமே இல்ல" என்றேன். அவர் கண்ணைச் சிமிட்டினார். "இல்லைங்கறாகன்னா இருக்குன்னு அர்த்தம்மா." என் வசனத்தை என்னிடமே சொல்கிறார். பத்திக்கொண்டு வந்தது. அடிக்க முடியாது, கிளம்புங்கள் என்றேன். பக்கத்துக் கடையில் அடித்துக்கொண்டு போனார்.

அந்த வாரமே சித்தி போன் செய்தாள். "ஏ ஆத்தா, உங்க சித்தப்பா கவாத்துக்கு ஆள் சொல்ல மாட்டேங்குறாக. நாள் தள்ளிக்கிட்டே போகுது. கேட்டா, தோட்டந்தான் போகப்போகுதுல்ல, எதுக்கு வெட்டணும்ங்குறாக. எனக்கு ஒண்ணும் வெளங்கல. நீ ஒரு எட்டு வந்துட்டுப் போ."

திராட்சை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு அறுப்பு முடிந்து கொடி கொஞ்சம் ஓய்ந்ததும் கிளைகளை ஒட்ட வெட்டிவிட வேண்டும். அதுதான் கவாத்து. வெட்டினால்தான் துளிர்க்கும், துளிர்த்தால்தான் காய்க்கும். வெட்டாமல் விட்டால் பழம் இல்லை, வெறும் கொடிதான். சித்தப்பா வீட்டில் சோறு வேகிறது அந்தக் கவாத்தை நம்பித்தான்.

மறுநாள் காலையிலேயே சின்னமனூர் போய் வேறு பஸ் மாறி ஓடைப்பட்டிக்குப் போனேன். தோட்டத்தை எட்டும்போது நல்ல உச்சி வெயில். பந்தலுக்குள் நுழைந்ததும் வெயில் காணாமல் போய்விட்டது. இலை பழுத்து, காய்ந்து, அதன் மேலேயே கொடி தாறுமாறாகப் படர்ந்திருந்தது. கம்பிக்கு மேலே இடமில்லாமல் கொடிகள் கீழே தொங்கின. நான் குனிந்துதான் நடக்க வேண்டியிருந்தது. கிணற்றோரம் திரும்பினேன். என் உச்சந்தலையை ஏதோ தடவியது. காய்ந்த கொடிதான். கொடி என்று தெரிந்த பிறகும் என்னால் அடுத்த எட்டு வைக்க முடியவில்லை. நான் அம்புக்குறி போட்டுக் காட்டிய அதே இடம். தடவும் என்று எழுதியிருந்தேன். தடவியது. என் வாழ்க்கையில் நான் பட்டப்பகலில் பயந்தது அன்றைக்குத்தான்.

"அங்கனதான் ஆத்தா ரயிலு திரும்புது!" என்று இருட்டுக்குள்ளிருந்து சித்தப்பாவின் குரல் வந்தது. சட்டைப்பையில் மேப்பை நாலாக மடித்து வைத்திருந்தார். தூணுக்குத் தூண் எட்டு வைத்து அளந்துகொண்டிருந்தார். இளைத்துப் போயிருந்தார். முகம் மட்டும் கல்யாண வீட்டுக்காரர் முகம்.

சுற்றி வளைக்காமல் சொன்னேன். "சித்தப்பா, அந்த மேப்ப நான்தான் வரைஞ்சேன்."

"தெரியும்ல!" என்று சிரித்தார். "இந்தா, மழை லேண்ட்ல 'ழ'வுக்கு வாலச் சுழிச்சு விட்டுருக்க பாரு. உன்னைய விட்டா இத ஆரு போடுவா? பாத்த ஒடனே உங்க சித்திட்டச் சொன்னேன், நம்ம புள்ளையக் கூப்பிட்டுல்ல வரைய வச்சிருக்காகன்னு."

"யாரும் கூப்பிடல சித்தப்பா. நானாச் சும்மா வரைஞ்சேன்."

"சும்மா யாராச்சும் இம்புட்டு மெனக்கெடுவாகளா? வெளிய சொல்லக் கூடாதுன்னு எழுதி வாங்கியிருப்பாக. நீ சொல்ல வேணாம். நானும் கேக்கல."

"சத்தியமா இல்ல சித்தப்பா. உங்க தலையில அடிச்சுச் சொல்றேன்."

"ஏ கழுத, தலையில எல்லாம் அடிக்காத. நான் யார்ட்டயும் மூச்சு விட மாட்டேன்." என் கையைப் பிடித்துக் கிணற்றுப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார். "மொத நாளு மொத ஆளா நான்தான் ஏறணும். அத மட்டும் அவுககிட்டச் சொல்லிரு."

உண்மையைச் சொன்னால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பித்தான் பஸ் ஏறியிருந்தேன். உண்மையைச் சொன்னதுதான் அவருக்கு உறுதியாகிவிட்டது. வேறு யாராவது வரைந்திருந்தால்கூடச் சந்தேகப்பட்டிருப்பார்.

சித்தி என்னைப் பஸ் ஏற்ற வந்தாள். பஸ் வருவது தெரிந்ததும் சொன்னாள். "நீ வரைஞ்சதத்தான ஆத்தா நம்புறாக? மாத்தி வரைஞ்சிரு. வேற எங்கயாச்சும் போயிருச்சுன்னு ஒரு மேப்பு போட்டுக் குடு. அதையும் நம்புவாக."

சீ, இன்னொரு பொய்யா என்று மறுத்துவிட்டேன். கடைக்கு வந்து குழுவில் எழுதினேன். அது வெறும் கற்பனை, ஒரு குடும்பம் பாழாகிறது, தயவுசெய்து பரப்பாதீர்கள் என்று. என்ன நடந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 'ஏன் திடீரென்று மறுக்கிறார்?' 'யார் மிரட்டினார்கள்?' என் செய்தியை வரி வரியாகப் பிய்த்து ஆராய்ந்தார்கள். நாலு இரும்புத் தூணை ஆராய்ந்த அதே ஆட்கள், அதே ஆர்வம். நானும் அவர்களில் ஒருத்தியாக இருந்தவள் என்று நினைக்க எனக்கே அருவருப்பாக இருந்தது. குழுவிலிருந்து வெளியேறினேன். அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்திருப்பார்கள்.

கடையில் ஃபிளக்ஸ் மெஷினின் தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடும். பல வருஷம் கேட்ட சத்தம். அந்த நாட்களில் அது தண்டவாளத்துச் சத்தமாக மாறிவிட்டது. யாருடைய அஞ்சலிப் படத்தையோ அடித்துக்கொண்டிருக்கும்போது, என் கண்முன்னே பந்தலுக்கு அடியில் ஒரு ரயில் பெட்டி போகும். அதில் சித்தப்பா மட்டும் உட்கார்ந்திருப்பார். மெஷினை நிறுத்தினால்தான் மறையும். நான் உண்டாக்கின பேய், நான் கூப்பிடாமலே வர ஆரம்பித்துவிட்டது. எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது.

இன்னும் ஒரு வாரம் தள்ளினால் இந்தக் கொடிக்கு இந்தப் பருவம் அவ்வளவுதான் என்று சித்தி போனில் அழுதாள். அன்று மதியம் கடைக் கதவை இழுத்து விட்டுவிட்டு உட்கார்ந்து வரைந்தேன். அதே நாலு லேண்ட். இந்தத் தடவை தேவதானப்பட்டிப் பக்கம், மலையடிவாரம். யாருக்கும் தொந்தரவு இருக்கக் கூடாது என்று செயற்கைக்கோள் படத்தில் தேடித் தேடி ஒரு பொட்டல்காட்டைப் பிடித்தேன். வீடில்லை, மரமில்லை, செம்மண்தான். போனில் அனுப்பவில்லை. யாருக்கும் காட்டவில்லை. ஒரே ஒரு பிரிண்ட் எடுத்து, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். இந்தமுறை மகா கெட்டிக்காரி என்று நினைப்பு.

சித்தப்பா ரொம்ப நேரம் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'ழ'வின் வாலைத் தொட்டுப் பார்த்தார்.

"பேய் ரயிலும் அங்கன போயிருச்சா?"

"ஆமா சித்தப்பா."

"சரி விடு. நமக்குக் குடுப்பினை இல்ல" என்றார். அவர் திரும்பிச் சித்தியிடம், "கவாத்துக்கு ஆள் சொல்லு" என்றார். சித்தி என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

கவாத்து நடந்தது. துளிர் விட்டது. பூவும் நன்றாகப் பிடித்திருக்கிறது என்று சித்தி போனில் சொன்னாள். மெஷின் மறுபடியும் மெஷின் மாதிரி சத்தம் போட்டது. நாலு மாதம் நிம்மதியாக இருந்தேன்.

அறுப்பு முடிந்த கையோடு சித்தப்பா ஒரு அட்டைப்பெட்டி நிறையத் திராட்சையோடு கடைக்கு வந்தார். சதை போட்டிருந்தார். டீ வரவழைத்துக் கொடுத்தேன். பாதி டீ குடித்துவிட்டு, "ஆத்தா, உன்கிட்ட ஒண்ணு சொல்லல. நீ வைவன்னுதான் சொல்லல" என்றார்.

"என்ன சித்தப்பா?"

"அந்த ரெண்டாவது மேப்ப எடுத்துக்கிட்டு தேவதானப்பட்டி போனேன். நம்ம வருமா வராதான்னு கெடந்து தவிச்சோம்ல. அவுகளுக்காச்சும் முன்னக்கூட்டியே தெரியட்டும்னுதான். கேட்டுக் கேட்டு, ரயிலு வார எடத்தப் பிடிச்சுட்டேன். புருசன் பொண்டாட்டி ரெண்டே பேரு. நல்ல சனம். காப்பித்தண்ணி குடுத்தாக."

"அது பொட்டல் சித்தப்பா. அங்கன யாரும் இல்ல."

"பொட்டலா? புதுசா மாங்கன்னு வச்சிருக்காக. முழங்கால் ஒசரம். கொடத்துல சுமந்து சுமந்து ஒண்ணொண்ணுக்கா ஊத்துறாக ஆத்தா. பாக்கவே பாவமா இருந்துச்சு. போகப்போற எடத்துக்கு எதுக்கு இம்புட்டுப் பாடுன்னு எடுத்துச் சொன்னேன். மேப்பக் காமிச்சதும் நம்பிட்டாக. அந்தப் பொம்பள அப்பவே கொடத்தக் கவுத்து வச்சிருச்சு."

அந்தச் செயற்கைக்கோள் படம் எப்போது எடுத்ததோ. முழங்கால் உயரக் கன்று அவ்வளவு மேலேயிருந்து எப்படித் தெரியும்?

"எப்பப் போனீக சித்தப்பா?"

"கவாத்து முடிஞ்ச மறுநாளு."

கவாத்து முடிந்த மறுநாள் இந்தப் பழங்கள் காய்த்த கொடியில் துளிர்கூடக் கிடையாது. துளிர்த்து, பூத்து, பிஞ்சு பிடித்து, பழுத்து, அறுத்து என் மேசைக்கே வந்துவிட்டன. இதில் கோடை முழுக்கப் போயிருக்கிறது. குடத்துத் தண்ணீர் நின்றுபோன அந்தக் கன்றுகளுக்கு மழையும் இல்லை.

கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுக் கைப்பையை எடுத்தேன். அவர்கள் பேர் என்ன என்று கேட்டேன். "பேரக் கேக்கலையே" என்றார். பஸ்ஸை விட்டு எங்கே இறங்க வேண்டும், எந்தப் பக்கம் நடக்க வேண்டும் என்று விசாரித்தேன். நான் ஏதோ பார்க் வேலையாகக் கிளம்புகிறேன் என்று நினைத்துக்கொண்டார். ரொம்பப் பெருமையோடு வழி சொன்னார். கடை வாசலில் என் கையைப் பிடித்து நிறுத்தி, பெட்டியிலிருந்து நல்ல கொத்தாகப் பார்த்து ஒரு பழத்தைக் கிள்ளினார்.

"ஒண்ணு வாயில போட்டுட்டுப் போ ஆத்தா. இந்த வட்டம் மாதிரி என்னைக்குமே வெளஞ்சதில்ல."

வாயில் போட்டேன். நல்ல இனிப்பு.