அக்காவின் இடது இமை

அக்காவின் புருவங்களுக்கு நடுவில் இரண்டு கோடுகள் உண்டு. தி.நகரில் எங்கள் குடும்பத்துப் பட்டுப்புடவைக் கடையில் அவள்தான் நிற்பாள். சும்மா யோசித்துக்கொண்டிருந்தாலும், "ஏம்மா, கோவமா இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு வாடிக்கையாளர்கள் அடுத்த கவுன்ட்டருக்கு நகர்ந்துவிடுவார்கள். கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், போன வருஷம் அடையாறில் ஒரு தோல் மருத்துவரிடம், நெற்றித் தசையைத் தளர்த்திக் கோடுகளை மறைக்கும் ஊசி போட்டுக்கொண்டாள். நானும் கூடப் போயிருந்தேன்.

"ரெண்டு வாரத்துக்கு நெத்தியத் தேய்க்காதீங்க. அழுத்தாதீங்க. மெஷின் எதுவும் வைக்காதீங்க" என்று அந்த டாக்டரம்மா சொல்லித்தான் அனுப்பினார்.

மறுநாளே வெளிநாட்டிலிருந்து அக்கா மகன் அனுப்பிய பார்சல் வந்தது. முகத்தில் வைத்தால் உர்ரென்று அதிரும் ஒரு மசாஜ் கருவி. அக்கா அதை நேராகப் புருவத்தின் மேல் வைத்துவிட்டாள்.

"அக்கா, வேண்டாம்னு சொன்னாங்கல்ல?"

"ஏட்டி, நான் எங்க தேய்ச்சேன்? அதுவா அதிருது."

சில நாள் ஒன்றும் இல்லை. கோடுகள் மெல்ல மறைந்தன. அப்புறம் ஒரு காலை, எங்கள் மயிலாப்பூர் வீட்டுக் குளியலறையிலிருந்து என்னைக் கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால் இடது இமை பாதிக் கண்ணை மூடித் தொங்கிக்கொண்டிருந்தது. விரலால் தூக்கிப் பிடித்தபடி நின்றாள். எனக்குப் பக்கவாதமோ என்றுதான் முதலில் பயம். சிரிக்கச் சொன்னேன், கையைத் தூக்கச் சொன்னேன், பேசச் சொன்னேன். எல்லாம் சரியாக இருந்தது. உடனே ஆட்டோ பிடித்து டாக்டரிடம் ஓடினோம்.

அவர் டார்ச் அடித்துப் பார்த்தார். நடந்ததைக் கேட்டுக்கொண்டார்.

"பயப்படாதீங்க, இது சரியாயிடும். மருந்து கொஞ்சம் உள்ள எறங்கி, இமையத் தூக்குற தசையத் தூங்க வச்சிருச்சு. மெஷினாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. எதுவுமே செய்யாதவங்களுக்கும் எப்பவாவது வரும். ஆனா அதுக்கு நாமளே வழி பண்ணிக் குடுக்கக் கூடாது இல்லையா?"

அக்கா தலை குனிந்தாள்.

"இமைக்குள்ள இன்னொரு குட்டித் தசை இருக்கு. அது முழிச்சிக்கிட்டுதான் இருக்கு. அதக் கொஞ்சம் வேலை வாங்குவோம்" என்று சொல்லிக் கண்ணில் சொட்டு மருந்து விட்டார்.

வெளியே நாற்காலியில் உட்கார்ந்தோம். நான் அக்காவின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு, அவள் எந்த முயற்சியும் செய்யாமலே, இமையின் ஓரம் மயிரிழை அளவு ஏறியது. இன்னும் கொஞ்சம். கருவிழியின் மேல்பாதி வெளிச்சத்துக்கு வந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பிறந்ததிலிருந்து பார்த்த முகம் அது. அந்த மெல்லிய தோலுக்குள் இப்படி ஒருவன் விழித்துக்கொண்டு காத்திருந்தது எனக்கோ அவளுக்கோ தெரியவே தெரியாது.

"தெரியுதுட்டி," என்றாள் அக்கா.

சொட்டு மருந்தின் வேகம் சில மணி நேரத்தில் அடங்கிவிடும். இமை மறுபடி இறங்கும். கடைக்குப் போகும் முன் விட்டுக்கொண்டுதான் போவாள். இப்படியே வாரங்கள் போயின. ஒருநாள் மருந்து விட மறந்துபோய்க் கடையில் நின்றிருக்கிறாள். மதியம் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் நினைவு வந்ததாம். கண்ணாடியில் பார்த்தால், இரண்டு கண்ணும் ஒரே அளவில் திறந்திருந்தன. நரம்பு தானாகவே தசையோடு மறுபடி பேசத் தொடங்கிவிட்டது என்று டாக்டர் விளக்கினார்.

அந்தக் கருவியையும் அவரிடம் காட்டினோம். இமை முழுசாகத் தெளிந்துவிட்டதால் கன்னத்திலும் தாடையிலும் மெதுவான வேகத்தில் வைக்கலாம், அடுத்து எந்த ஊசி போட்டாலும் தன்னைக் கேட்காமல் எடுக்கக் கூடாது என்றார். அக்கா அப்படியே செய்கிறாள்.

எனக்குத்தான் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. பஸ்ஸில் எதிரே இருப்பவர்கள் கண் சிமிட்டுவதைப் பார்த்துக்கொண்டே வருகிறேன். யாருக்கும் தெரியாமல், யாரும் சொல்லாமல், அத்தனை இமைகளும் இறங்கி இறங்கி எழுந்துகொண்டே இருக்கின்றன.