ஒரு வரியை இரண்டு முறை வாசித்தவள்

ட்வைலா ஷ்ராக் யாருக்கு ஓட்டுப் போடுவாள் என்பது டெல்ஃபைன் என்ற அமெரிக்கச் சிற்றூரில் பார்வை இல்லாத நாலைந்து பேருக்கு மட்டும் பெரிய புதிராக இருந்தது. கண் தெரிந்தவர்கள் அவள் வீட்டு வாசல் புல்லைப் பார்த்தார்கள். எந்த வேட்பாளரின் பலகையும் நட்டிருக்கவில்லை. அதோடு விட்டுவிட்டார்கள்.

பார்வை இல்லாதவர்களுக்கென்று ஒரு வானொலி உண்டு. சாதாரணப் பெட்டியில் அது எடுக்காது. தனிப் பெட்டி கொடுப்பார்கள். அதில் அந்த ஒரு நிலையம்தான் வரும், திருகிப் பார்க்க வேறொன்றும் இல்லை. டெல்பர்ட் கோன் அதைச் சமையலறை மேசையில் ரொட்டி டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்திருந்தான். கண் போவதற்கு முன்னால் தானியக் கிடங்கில் வேலை பார்த்தவன். இப்போது காலை முழுக்க ட்வைலாவின் குரலோடு உட்கார்ந்திருப்பான். மாவட்ட நூலகத்தின் கீழ்த்தளத்தில் ஒரு சின்ன அறையிலிருந்து அவள் பேப்பர் வாசிப்பாள். சாவுச் செய்தி, கோதுமை விலை, கடைகளின் தள்ளுபடி, பள்ளிக்கூடப் பந்தாட்டம். படக்கதையில் நாய் எதைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது என்பது வரை சொல்லிவிடுவாள்.

வாசிப்பவர்களுக்கு விதி சுருக்கமானது. எதையும் சேர்க்கக் கூடாது, விடக் கூடாது, கருத்துச் சொல்லக் கூடாது. தப்பாக வாசித்துவிட்டால் ‘திருத்தம்’ என்று சொல்லி அந்த வரியை மறுபடி வாசிக்க வேண்டும்.

ட்வைலா பல வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். பின்சீட்டில் பையன்கள் அடித்துக்கொண்டால் வண்டியை ஓரமாக நிறுத்தி, கண்ணாடியைப் பார்த்து, வெளியே மேகம் போட்டிருக்கிறது என்று சொல்வதுபோல அவர்கள் பேரைச் சொல்வாள். உட்கார்ந்துவிடுவார்கள். அவள் புருஷன் லாய்ட் சர்ச் விருந்துகளில் எல்லோரிடமும் சொல்லுவான், “இவ கோவமா இருக்காளான்னு தெரியணும்னா நான் நாயைத்தான் பாக்கணும். நாய் எழுந்து வெளிய போச்சுன்னா நானும் போயிருவேன்.”

வியாழக்கிழமைகளில் லியோட்டாவின் கடையில் பார்வை இல்லாதவர்கள் கூடுவார்கள். இறைச்சியும் முட்டைக்கோஸும் அடைத்த பீராக் ரொட்டியும் காபியும். ஒவ்வொரு தேர்தலுக்கும் முன்னால் வேட்பாளர்கள் இதுவரை எதற்கு எப்படி வாக்களித்தார்கள், இப்போது என்ன சொல்கிறார்கள் என்று பேப்பரில் ஒரு முழுப் பக்கம் வரும். ட்வைலா அதை வாசிக்கும்போது குரல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று கண்டுபிடிப்பவனுக்கு மற்றவர்கள் ஆப்பிள் வைத்துச் சுட்ட ஒரு முழு ‘பை’ பலகாரம் வாங்கித் தர வேண்டும். இதுவரை யாரும் பை தின்றதில்லை. பிறவியிலேயே பார்வை இல்லாத மார்வின் கெர்ட்ஸ் பியானோவுக்குச் சுருதி கூட்டுகிறவன். அவன் காதுக்கே ஒன்றும் பிடிபடவில்லை.

“போன தேர்தல்ல நின்ன அந்தம்மா பேரு வாசிக்கறப்ப ட்வைலா லேசா மூச்சு இழுத்தா,” என்றான் ஒருமுறை.

“அவளுக்கு ஜலதோஷம்டா,” என்றாள் லியோட்டா, காபி ஊற்றிக்கொண்டே. “உன் காதைக் கழட்டித் தொடச்சு மாட்டு.”

இந்த வருஷம் யாரும் பை பற்றிப் பேசவில்லை. செனட் தேர்தல். பல காலமாக அங்கே உட்கார்ந்திருக்கும் ராய்ஸ் டனல் ஒரு பக்கம். மாட்டு வைத்தியராக இருந்து மாநில சட்டசபைக்குப் போன டேனா ப்ரூவிட் என்ற பெண் இன்னொரு பக்கம். கிராமத்துச் சின்ன ஆஸ்பத்திரிகளுக்கான உதவிப் பணத்தை நீட்டிக்கும் மசோதா செனட்டில் வந்தபோது டனல் எதிர்த்து வாக்களித்தார். மசோதா தோற்றது. அடுத்த வசந்தத்தில் டெல்ஃபைன் ஆஸ்பத்திரியின் கதவில் சங்கிலி போட்டார்கள். அந்தக் கோடையில், அறுப்பு நடக்கும்போது, லாய்ட் இயந்திரத்திலிருந்து இறங்கி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அறுத்த கோதுமைத் தாளிலேயே உட்கார்ந்தான். நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், பாதி தூரம்கூடப் போகாமல், முடிந்துவிட்டது.

டெல்பர்ட்டுக்கு வேறொரு சங்கடம் இருந்தது. ஒவ்வொரு தேர்தலிலும் ட்வைலாதான் அவனை ஓட்டுப் போட சர்ச் கூடத்துக்குக் கூட்டிப்போவாள். துணைக்கு யாரை வேண்டுமானாலும் கூட்டி வரலாம் என்று சட்டம் இருக்கிறது. மறைப்புக்குள் நின்று அவள் பேர்களை வாசிப்பாள், அவன் சொல்லுவான், அவள் அந்தப் பேருக்கு எதிரே உள்ள வட்டத்தைக் கறுப்பாக்குவாள். காதில் மாட்டிப் பேர்களைக் கேட்டு, துணை இல்லாமல் தானே ஓட்டுப் போடும் மெஷினும் ஒன்று மூலையில் உண்டு. அவன் அதைத் தொட்டதில்லை.

இந்தத் தடவை அவன் டனலுக்குப் போடுவதாக இருந்தான். மழை பொய்த்து கோதுமை மொத்தமும் கருகிய வருஷம், விதைக்கடன் மசோதாவைத் தன் கட்சியே எதிர்த்தபோது, டனல் கட்சியை விட்டு விலகி நின்று ஆதரித்தார். டெல்பர்ட்டின் தம்பி எர்வின் அதனால்தான் நிலத்தில் இருக்கிறான். இல்லாவிட்டால் எங்கேயாவது லாரி ஓட்டிக்கொண்டிருப்பான். அந்தப் பேரை லாய்டின் பெண்டாட்டி காதில் எப்படிச் சொல்வது? அவள் கையால் எப்படிக் கறுப்பாக்கச் சொல்வது? மெஷினுக்குப் போனால் ஏன் போனான் என்று அவளுக்குப் புரிந்துவிடும்.

மார்வினிடம் மட்டும் சொன்னான்.

“அந்தப் பொம்பளைக்குப் போடுன்னு சொல்லிட்டு வா,” என்றான் மார்வின். “ஒரு ஓட்டுல டனல் ஒண்ணும் தோத்துற மாட்டாரு.”

“அப்ப நான் எதுக்கு அங்க போறேன்? கோட்டு மாட்டிக்கிட்டுப் போயி பொய் சொல்லவா?”

மார்வின் ரொட்டியைப் பிட்டான்.

வேட்பாளர் பக்கம் வாசிக்கப்பட்ட அன்று டெல்பர்ட் அடுப்பைக்கூட மூட்டவில்லை. நிலையத்துக்காரர்கள் வேறு யாராவது வாசிக்கட்டும் என்று சொல்லிப் பார்த்ததாகவும், ட்வைலா ‘என் முறை, நானே வாசிக்கிறேன்’ என்று சொல்லிவிட்டதாகவும் லியோட்டா கேள்விப்பட்டிருந்தாள். பெட்டியில் காகிதம் மடிபடும் சத்தம் கேட்டது. பிறகு குரல்.

முதலில் ப்ரூவிட். சட்டசபையில் என்னென்ன ஆதரித்தார், எதை எதிர்த்தார். நிலத்தடி நீர் எடுப்பதற்கு வரம்பு வைக்க வேண்டும் என்று வாக்களித்ததும் அதில் இருந்தது. இந்தப் பக்கத்து விவசாயி யாரும் அதற்காக அவரை மன்னிக்கவில்லை. ட்வைலா அதை மறைக்கவும் இல்லை, தூக்கிக் காட்டவும் இல்லை. சின்ன ஆஸ்பத்திரிகளை மறுபடி திறக்க வைப்பேன் என்ற வாக்குறுதி வந்தது. டெல்பர்ட் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். தபால் நிலைய நேரம் வாசிப்பது போலவே வாசித்துக் கடந்தாள்.

பிறகு டனல்.

“கிராமப்புறச் சிறு மருத்துவமனைகளுக்கான உதவித்தொகையை நீட்டிக்கும் மசோதா. எதிர்த்து வாக்களித்தார். அவர் தரும் காரணம்: நோயாளிகள் வராத கட்டடங்களைத் தாங்கிப் பிடிப்பதைவிட, விரைவான ஆம்புலன்ஸ் சேவைக்கு அந்தப் பணத்தைச் செலவிடுவது மேல்.”

ஆம்புலன்ஸ் என்ற சொல்லில் குரல் தடுக்கவில்லை. ஒரு மனிதன் தன் காரணத்தைத் தானே சொன்னால் எவ்வளவு மூச்சு விடுவானோ அவ்வளவு மூச்சு விட்டு வாசித்தாள்.  அவள் இடத்தில் இருந்தால் தன்னால் இப்படி வாசிக்க முடியாது என்று டெல்பர்ட் நினைத்தான்.

“வறட்சி நிவாரண விதைக்கடன் மசோதா. தம் கட்சியின் நிலைக்கு மாறாக, ஆதரித்து வாக்களித்தார்.”

அடுத்த வரி வரவில்லை. பெட்டி சும்மா இருந்தது. வயர் கழன்றுவிட்டதோ என்று டெல்பர்ட் கை நீட்டினான்.

“திருத்தம்,” என்றது ட்வைலாவின் குரல். “அந்த வரியை மறுபடி வாசிக்கிறேன். வறட்சி நிவாரண விதைக்கடன் மசோதா. தம் கட்சியின் நிலைக்கு மாறாக, ஆதரித்து வாக்களித்தார்.”

பிறகு காற்றாலைகள், தபால் கட்டணம், போர் வீரர் ஓய்வூதியம் என்று கடைசி வரை போய், பக்கத்தை மடித்தாள்.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. மார்வின்.  

“கேட்டியா?” என்றான்.

“கேட்டேன்.”

“வார்த்தை ஒண்ணுகூட மாறல.”

“மாறல.”

“மொத தடவ அவ அத மேசை தொடைக்கிற மாதிரி வாசிச்சிட்டா. கொஞ்சம் வேகமா. அவ்வளவுதான். அவ திருத்தலேன்னா நமக்கே சரியாத் தெரிஞ்சிருக்காது, டெல்பர்ட். எனக்கே தெரிஞ்சிருக்காது. அவளுக்குத் தெரிஞ்சிருக்கு.”

டெல்பர்ட் பெட்டியை அணைத்தான்.

“குரல் எந்தப் பக்கம் சாஞ்சதுன்னு தெரிஞ்சாச்சு, பை எனக்குத்தான் வரணும்,” என்றான் மார்வின். “எனக்கு வேண்டாம்.”

ஓட்டுப் போடும் நாளில் ட்வைலா வழக்கம்போல வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினாள். வழியில் தன் கிழட்டு நாய்க்குக் காது சரியாகக் கேட்பதில்லை என்று சொன்னாள். கூடத்தில் தரை மெழுகும் காபியும் மணத்தன. வாக்குச்சீட்டு கொடுக்கும் மேசைக்காரி மெஷின் வேண்டுமா என்று கேட்டாள்.

“வேண்டாம்,” என்றான் டெல்பர்ட். “ட்வைலா இருக்கா.”

மறைப்புக்குள் அவள் தோள் அவன் தோளில் பட்டது. தாழ்ந்த குரலில் வாசித்தாள். “அமெரிக்க செனட். டேனா ப்ரூவிட். ராய்ஸ் டனல்.”

“டனல்,” என்றான். 

பேனா தாளைத் தொட்டது. வட்டத்தைச் சுற்றி விளிம்பு வரை போய், பிறகு உள்ளே நிரப்பும் சத்தம். அவசரமும் இல்லை, இழுவையும் இல்லை. முடித்ததும் எப்போதும் செய்வதுபோலத் திரும்ப வாசித்துக் காட்டினாள்.

“செனட். ராய்ஸ் டனல். கறுப்பாக்கியாச்சு. சரிதானே?”

“சரி.”

“அடுத்தது மாவட்ட நீர் வாரியம்.”

எல்லாம் முடிந்து தாளைப் பெட்டியில் போட்ட பிறகு, ஓட்டுப் போட்டதற்கான வில்லையை அவன் கோட்டில் ஒட்டி, கட்டை விரலால் சுற்றிலும் அழுத்திவிட்டாள். “கொஞ்சம் நில்லு, டெல்பர்ட். நான் இன்னும் போடல,” என்று மறைப்புக்குள் போனாள்.

அவன் நின்ற இடத்திலிருந்து கேட்டிருக்கும். பேனா மேல் பேரில் இறங்குகிறதா கீழ்ப் பேரில் இறங்குகிறதா என்பது மறைப்பு அட்டைக்கு இந்தப் பக்கம் அவன் காதுக்கு எட்டாத சங்கதி இல்லை. இத்தனை வருஷமாக லியோட்டாவின் கடையில் எல்லோரும் காத்திருந்தது அதற்குத்தான்.

தாள் விரியும் சத்தம் கேட்டது. டெல்பர்ட் கைத்தடியைத் தரையில் சத்தமாகத் தட்டிக்கொண்டே கூடத்தின் மறுகோடிக்கு, காபிப் பாத்திரம் கொதிக்கும் இடத்துக்கு நடந்தான்.