தீவுமகன்

ஒன்பது வயதாவதற்குள் நான் ஏழெட்டுத் தடவை செத்துப்போயிருந்தேன். கடலில் மூழ்கி, பாம்பு கடித்து, ஒருமுறை அரசகுமாரனாக நெஞ்சில் அம்பு பட்டு. எல்லாம் சாச்சியின் படங்களில்தான். கொழும்பிலிருந்து வரும் வாரப் பத்திரிகை ஒன்றின் கதைகளுக்குச் சாச்சி படம் வரைந்துகொண்டிருந்தார். காணாத எதையும் அவருடைய கை வரையாது. கதையில் பிணம் வந்தால் நான்தான் பாயில் மல்லாந்து படுக்க வேண்டும்.

"சிரிக்காத. மவுத்தான ஆள் சிரிக்குமா?" என்பார்.

வீட்டில் யாருமே தப்பவில்லை. தொடர்கதை ஒன்றில் ஊரை உறிஞ்சும் வள்ளக்காரனுக்கு வாப்பாவின் மூக்கை வைத்துவிட்டார். "என்னயப் போயி இப்பிடி வரஞ்சிரிக்கே" என்று வாப்பா குறைப்பட்டுக்கொண்டார். ஆனாலும் கடைக்கு வருபவர்களிடம் அந்தப் பக்கத்தை விரித்துக் காட்டத் தவறியதில்லை.

சாச்சி உம்மாவின் தங்கை. மன்னார்த் தீவில் வாழ்க்கைப்பட்டவர். வடக்கைப் பிடித்து வைத்திருந்த இயக்கம் எங்கள் முஸ்லிம் சனங்களையெல்லாம் அங்கிருந்து வெளியேறச் சொன்னபோது, வள்ளங்களில் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கியவர்களோடு அவரும் இறங்கினார். மற்றவர்கள் துணிமூட்டையும் சட்டியும் கொண்டுவர, அவர் கையில் ஒரு பிஸ்கட் தகரம் மட்டும் இருந்தது. அதற்குள் பேனா முள்ளுகள், கறுப்பு மைப்போத்தல், பாதி பிளேட். அவருடைய கணவர், எங்கள் சாச்சா, அவரோடு வரவில்லை. "அவர் பொறகு வருவார்" என்றார்கள். சாச்சாவை நான் கண்டதில்லை. அவருக்கு என்ன பெயர் என்பதுகூட எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் பெரியவர்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடும் வழக்கம் இல்லை.

விடியற்காலை சுபஹு தொழுத கையோடு சாச்சி வரைய உட்காருவார். வெயில் ஏறினால் கை வேர்த்துக் கடதாசியில் மை ஊறிவிடும். கடலோரக் களப்பிலிருந்து வரும் காற்று தாளைப் பறித்துப்போகும் என்று ஜன்னலையும் சாத்திவிடுவார். முதலில் பென்சிலால் மெல்லிய கோடு, அதன்மேல் மை. பிழைத்த இடத்தைப் பிளேடால் மூச்சைப் பிடித்துச் சுரண்டுவார். கடைசியில் வலது மூலையில், பொடி எழுத்தில், 'தீவுமகன்' என்று கையெழுத்து. அந்தப் பெயரை எழுதும்போது மட்டும் அவருக்கு அவசரமே கிடையாது.

கதை எழுதுகிறவர்கள் புனைபெயர் வைத்துக்கொள்வார்கள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்திருந்தார்கள். சாச்சியும் அப்படி ஒன்று வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஆண்பிள்ளைப் பெயராக இருந்தது எனக்கு இன்னும் பிடித்திருந்தது.

அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்தால் உம்மாவிடம் குரலைத் தாழ்த்தி ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள். இவ்வளவு காலம் புருசனைப் பற்றித் தகவல் இல்லை, இனி இவள் இத்தா இருக்கத்தானே வேண்டும் என்று. கணவனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வெளியே இறங்காமல் வீட்டோடு இருப்பதுதான் இத்தா. சாச்சி அதற்கு ஒரேயடியாக மாட்டேன் என்றுவிட்டார். வெளியே போகாமல் எப்படிப் படம் வரைவது, அதனால்தான் மறுக்கிறார் என்று நான் அவர் பக்கம் நின்றேன்.

கிழமைக்கு ஒருநாள் படங்களை இரண்டு மட்டைகளுக்கிடையில் வைத்துக் கட்டி, பஸ்ஸில் புத்தளம் போய், கொழும்பு பஸ்ஸின் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவோம். வழியில் ஒரு செக்பொயின்ற். எல்லோரும் இறங்கி, பையைத் திறந்து காட்டி, நடந்து கடந்து, மறுபடி ஏற வேண்டும். நூறு தடவை கடந்திருப்போம்.

அன்றைக்குப் பையைத் துழாவிய பொலிஸ்காரர் சாச்சியின் கொப்பியை வெளியே எடுத்தார். புரட்டிக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நின்றார். அந்தப் பக்கத்தில் அதே செக்பொயின்ற் இருந்தது. மண்மூட்டை, தென்னங்குற்றி, கம்பித் தடை, காவல் கூடு, எல்லாம் அச்சொட்டாக. அடுத்து வரவிருந்த கதையில் ஒரு காவலரண் வந்ததால், முந்தின கிழமை கடந்தபோது மனதில் பிடித்து வீட்டில் வந்து வரைந்தது அது.

எங்கள் இருவரையும் ஒதுக்கி நிறுத்தினார்கள். பஸ் எங்களை விட்டுவிட்டுப் போனது. சிலாபம் பக்கத்துச் சார்ஜன் ஒருவர் வந்தார். தமிழ் வாசிக்கவும் தெரிந்தவர். மட்டைக் கட்டையும் அவிழ்த்தார்.

"இது யார் வரைஞ்சது?"

"நான்தான். பத்திரிகைக்கு வரையிற."

"பொய் சொல்ல வாணாம். இங்க வேற பேர் இருக்குத்தானே. தீவுமகன். மகன் என்றா ஆம்பிளை. யாரு அவன்? எந்தத் தீவு?"

சாச்சி அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். அதில் மன்னார் என்று இருந்தது. சார்ஜன் அதையும் பார்த்தார், சாச்சியின் முகத்தையும் பார்த்தார்.

"எங்க இப்ப அவன்? இயக்கத்துப் பக்கமா?"

சாச்சி இப்படி முழிப்பதைக் கண்டு எனக்கு ரோசம் வந்துவிட்டது. இதைச் சொல்ல என்ன கஷ்டம்?

"தீவுமகன் எங்கட வீட்டிலதான் இரிக்கிறார்" என்றேன். "நேத்தும் சுபஹுக்குப் பொறகு படம் வரஞ்சார்."

சார்ஜன் சட்டென்று என் உயரத்துக்குக் குனிந்தார். பின்னால் நின்ற சிப்பாயின் கை துப்பாக்கிக்குப் போனது.

"வீட்டிலயா? யாரு பிள்ள அது? காட்டேலுமா?"

"இந்தா நிக்கிறார்" என்று சாச்சியை நோக்கி விரலை நீட்டினேன்.

சார்ஜன் கொஞ்ச நேரம் என்னையே உற்றுப் பார்த்தார். எட்டரை வயதுப் பிள்ளையின் முகத்தில் அவர் தேடிய பொய் கிடைக்கவில்லை போலும். நிமிர்ந்து, கொப்பியைச் சாச்சியிடம் நீட்டினார்.

"அப்ப வரைங்க, பாப்பம்."

சாச்சி எடுத்த பென்சில் ஒருமுறை கீழே விழுந்தது. சுற்றுமுற்றும் பார்த்தவர், மண்மூட்டை ஓரமாக நின்று பால் விடாத பிளேன்ரீ குடித்த ஓர் இளம் சிப்பாயைக் காட்டினார்.

"அவர இந்தக் குத்தியில இரிக்கச் சொல்லுங்க."

சார்ஜன் சிங்களத்தில் சொன்னார். அவன் கூச்சத்தோடு வந்து உட்கார்ந்தான்.

"நாடியக் கொஞ்சம் தூக்கச் சொல்லுங்க. கோப்பய வெக்கச் சொல்லுங்க, கை மறைக்கிது."

பென்சில் தாளில் பட்டதும் சாச்சி எங்கள் வீட்டுச் சாச்சியாகிவிட்டார். அவன் தோளை அசைத்தபோது, "ஆடாம இரிங்க தம்பி" என்று தமிழிலேயே அதட்டினார். அது அவனுக்கு விளங்கியதோ இல்லையோ, விறைத்துப்போய் உட்கார்ந்தான். மூக்கின்மேல் ஓர் ஈ வந்து உட்கார்ந்தது. அவன் அதை விரட்டவில்லை. மற்றச் சிப்பாய்கள் அவனைக் கேலி செய்து சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராகச் சாச்சியின் முதுகுப் பக்கம் வந்து எட்டிப் பார்த்து அமைதியானார்கள்.

முடித்ததும் சாச்சியின் கை தன்பாட்டில் வலது மூலைக்குப் போனது. பொடி எழுத்தில், அவசரமில்லாமல், 'தீவுமகன்'. சார்ஜன் மட்டையிலிருந்த படத்தை அதன் பக்கத்தில் வைத்து, இரண்டு கையெழுத்தையும் மாறி மாறிப் பார்த்தார். செக்பொயின்ற் இருந்த பக்கத்தைக் கிழித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "இனி இதெல்லாம் வரைய வாணாம்" என்று சொல்லி எங்களை விட்டார். தன்னுடைய படத்தை அந்தச் சிப்பாய் கேட்டு வாங்கிக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் வாப்பா கதிரையில் இருந்து எழும்பிவிட்டார்.

"இனி உன்ட பேரப் போடு புள்ள. இந்தப் பேரால ஒருநாளைக்குப் பெரிய கரச்சல் வரும். நான் பத்திரிகைக்கு எழுதிப் போடுறன்."

"வேணாம் மச்சான்."

"உன்ட கைதானே வரையிது?"

"கை என்டதான். பேர விடமாட்டன்."

வாப்பா உம்மாவைப் பார்த்தார். உம்மா தலை குனிந்துகொண்டார். அதற்குப் பிறகு அந்தக் கதையை எங்கள் வீட்டில் யாரும் எடுக்கவில்லை.

தீவுமகன் யார் என்று உம்மா எனக்குச் சொன்னது நான் கல்யாணம் முடித்துப் பிள்ளையும் பெற்ற பிறகு. சாச்சா மன்னாரில் இருந்தபோது அந்தப் பெயரில்தான் பத்திரிகைக்கு வரைந்திருக்கிறார். அவர் பென்சிலால் போடுவதன்மேல் மை போடுவது சாச்சியின் வேலை. வெளியேற்றத்துக்கு முந்தின கிழமை கடைக்குப் போன மனிதர் திரும்பி வரவில்லை. இங்கே வந்து இறங்கிய மூன்றாம் நாளே சாச்சி தாமதமாகிப்போன படத்தைத் தனியே வரைந்து, அவருடைய பெயரைப் போட்டு அனுப்பியிருக்கிறார். ஒரு கிழமைகூட இடைவெளி விழவில்லை. படம் வந்துகொண்டிருக்கும்வரை அவரை மவுத்து என்று சொல்ல யாரால் முடியும்?

செக்பொயின்றில் எங்களை மறித்த அன்று பின்னேரம் சாச்சி வாசற்படியில் உட்கார்ந்து பேனா முள்ளுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"அந்தச் சார்ஜன்ட்ட நீ என்ன புள்ள சொன்ன? இன்னொருக்காச் சொல்லு."

"தீவுமகன் எங்கட வீட்டிலதான் இரிக்கிறார். நேத்தும் படம் வரஞ்சார்."

"இன்னொருக்கா."

சொன்னேன். சாச்சி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். சார்ஜன் மறுபடியும் விசாரித்தால் பிழைக்காமல் சொல்ல வேண்டும் என்றுதான் எனக்குப் பழக்குகிறார் என்று நினைத்து, நான் இன்னும் உரத்து, இன்னும் தெளிவாக, கேட்காமலே மூன்றாம் தரமும் சொன்னேன்.