பியூலா மறித்த டிராலி

பஸ் ஸ்டாண்டில் ஆம்பூர் வண்டிக்காக நின்றிருந்தபோது எங்கள் பழைய நர்ஸ் ஒருத்தி என்னைப் பார்த்து ஓடிவந்தாள். "அண்ணே, விஷயம் தெரியாதா? பியூலா அக்கா போய்ட்டாங்க. காலைலதான். மாரடைப்பு." வந்த பஸ்ஸில் ஏறத் தோன்றவில்லை. அங்கேயே நின்று அழுதேன்.

அடக்க ஆராதனையில் ஆளாளுக்கு எழுந்து, "பொறுமைசாலி, அதிர்ந்து பேசாதவர்" என்று அவளைப் புகழ்ந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரைப் பற்றி ஐயா பேசுகிறீர்கள்? வேலூரில் எங்கள் சின்ன நரம்பு ஆஸ்பத்திரியில் பதினோரு வருடம் அவளோடு ஒரே அறையில் வேலை பார்த்தவன் நான். பியூலா சண்டைக்காரி. அவளை அறிந்த நீங்களாவது அதை மறக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் இருவரும் ஈ.ஈ.ஜி. டெக்னீஷியன்கள். தலையில் கம்பிகளை ஒட்டினால், மூளையின் மின்னலைகளை எட்டுப் பேனாக்கள் ஓடும் காகிதத்தில் வரையும். எண்ணெய்த் தலையில் கம்பி ஒட்டாது. எண்ணெய் வைக்காமல் வரவேண்டும் என்று சீட்டில் எழுதித்தான் கொடுப்போம். ஆனாலும், பெரிய டாக்டர் முன்னால் நோயாளியைப் பரட்டைத் தலையோடு நிறுத்தலாமா என்று, வீட்டார் படிய எண்ணெய் வைத்து வாரித்தான் கூட்டிவருவார்கள். நான் திருப்பி அனுப்பிவிடுவேன். பியூலா சீயக்காய் கரைத்துத் தானே தேய்த்துக் கழுவுவாள். "இது உன் வேலையா?" என்று ஹெட் சிஸ்டர் அதட்டியதற்கு, "தலை என் வேலை சிஸ்டர். மேல இருக்கறதும் உள்ள இருக்கறதும்" என்றாள்.

வெளிநாட்டில், மூளையில் ரத்தம் அதிகம் பாயும் இடத்தை வண்ணப் படமாக எடுக்கிறார்கள் என்று அந்தக் காலத்தில் ஒரு பத்திரிகையில் வந்திருந்தது. பேச்சைக் கேட்டால் ஓரிடம் சிவக்குமாம், கணக்குப் போட்டால் வேறோர் இடமாம். அந்தப் பக்கத்தை வெட்டிச் சுவரில் ஒட்டினாள். நான் சிரித்தேன். "நம்மகிட்ட கலர் இல்லண்ணே, எட்டுப் பேனா இருக்குது. மூளை வேல செய்யுதா இல்லையான்னு பாக்க இது போதாதா?" என்று முறைத்தாள்.

அந்த வருடம்தான் ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பிலிருந்து கோவிந்தசாமியைக் கொண்டுவந்தார்கள். தோல் ஊறும் பெரிய டிரம்மின் கதவு பிடரியில் அடித்திருந்தது. ஒரு மாதம் ஆகியும் அசைவில்லை, பேச்சில்லை, கண் திறக்கவில்லை. அவருக்கு ஈ.ஈ.ஜி. எடுத்தவன் நான். "கோவிந்தசாமி! கோவிந்தசாமி!" என்று காதருகே கத்தினேன். அலை மாறவில்லை. அவர் தலைமாட்டிலேயே நின்று, "உள்ள ஆளே இல்ல" என்று டாக்டரிடம் சொன்னேன். மூக்குக் குழாயை எடுத்துவிட்டு மறுநாள் வீட்டுக்கு அனுப்ப முடிவாயிற்று. குழாய் போனால் சோறு தண்ணீர் இல்லை, நாலு நாளில் முடிந்துவிடும்.

மறுநாள் குழாயை எடுக்க அவரைத் தள்ளிக்கொண்டு போன டிராலியை வார்டு வாசலிலேயே மறித்தாள் பியூலா. கோவிந்தசாமியின் மனைவி கன்னியம்மாவைக் கேட்டாள்.

"வீட்ல இவர எப்படிம்மா கூப்புடுவ?"

"பேரு சொல்ல மாட்டேங்க."

"பேரு வேணாம். எப்படிக் கூப்புடுவ?"

அந்தப் பெண் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்தாள். "செல்வி அப்பான்னு."

டிராலி எங்கள் அறைக்குத் திரும்பியது. பியூலா மறுபடி கம்பிகளை ஒட்டிப் பேனாவை ஓடவிட்டாள். கன்னியம்மா, "செல்வி அப்பா... இன்னாய்யா இது" என்றாள். அதுவரை ஒரே சீராக ஏறியிறங்கிய அலை படுத்துவிட்டது. ஒருவன் கவனிக்கும்போது அப்படித்தான் படுக்கும்.

"சத்தம் கேட்டா மாறும். அதுல இன்னா இருக்கு?" என்றார் விஷயம் கேட்டு வந்த டாக்டர்.

"அப்படியா சார்? பாத்துடலாம்." பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுவதுபோல "மல்லி அப்பா" என்று அதே குரலில் சொல்லும்படி கன்னியம்மாவிடம் சொன்னாள் பியூலா. முதலில் லேசாக அசைந்த அலை, போகப்போக அசையவே இல்லை. "செல்வி அப்பா" என்றதும் படுத்தது. மாற்றி மாற்றிப் பத்து முறை. பத்து முறையும் அதேதான். காகிதத்தைக் கிழித்தெடுத்து டாக்டர் முன்னால் மேஜைமேல் போட்டாள்.

"மெஷின் மேல தப்பில்ல சார். யாருமே கூப்புடாத ரெஜிஸ்டர் பேர நாம கூப்புட்டோம். ஆளு உள்ள இருக்காரு. குழாய எடுக்கறதுன்னா மொதல்ல என் கைய வெட்டிட்டு எடுங்க."

குழாயை எடுக்கவில்லை. அதிகப்பிரசங்கித்தனம் என்று அவளுக்கு மெமோ வந்தது. வாங்கி மடித்து வைத்துக்கொண்டாள்.

ஆறு வாரத்தில் கோவிந்தசாமி கண் திறந்தார். "ஆமாம்" என்றால் கண்ணை மேலே தூக்கச் சொல்லிப் பழக்கினாள். ஒருநாள் என்னையும் பக்கத்தில் நிறுத்திவைத்துக் கேட்டாள். "படுத்திருந்தப்ப நாங்க பேசினது கேட்டுதா?"

கண்கள் மேலே போயின.

"இவரு பேசினதும்?"

மறுபடியும் போயின. நான் அவர் காலைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். கண்கள் அசையவில்லை. "வேணும் உனக்கு" என்றாள் பியூலா.

அதன்பின் இன்றுவரை, யாராக இருந்தாலும், எந்த நிலையில் கொண்டுவந்தாலும், வீட்டில் எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று கேட்டுக் காகிதத்தின் தலைப்பில் எழுதிவிட்டுத்தான் பேனாவை ஓடவிடுகிறேன். புதிய மேலதிகாரி, ரிக்கார்டில் தேவையில்லாத எழுத்து கூடாது என்று எனக்கும் மெமோ கொடுத்திருக்கிறார். பியூலாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்த ஒரு கேள்விதான். எத்தனை மெமோ வேண்டுமானாலும் வரட்டும், நான் கேட்பேன்.