தோளில் வந்த கரண்ட்

2006ஆம் ஆண்டு அடைமழைக் காலத்தில் நடந்தது இது. அப்போது நாங்கள் தங்கச்சிமடத்தில், கடற்கரைக்குப் போகும் மண்பாதையை ஒட்டிய ஒரு தென்னந்தோப்பு வீட்டில் வாடகைக்கு இருந்தோம். எனக்கு அங்கே பள்ளியில் ஆசிரியை வேலை. சொந்த ஊர் முதுகுளத்தூர்ப் பக்கம். மிளகாயும் பருத்தியும் விளைவிக்கிற குடும்பம். கடல் என்றால் எனக்கு எட்ட நின்று பார்க்கிற பொருள், அவ்வளவுதான்.

எங்கள் மகளுக்குச் சிறு வயதிலிருந்தே மூச்சிரைப்பு. முதலில் குடியிருந்த வீட்டுக்குப் பக்கத்திலேயே கருவாடு காயப்போடுவார்கள். தூசியும் நெடியும் சேர்ந்து வாரம் ஒரு முறையாவது அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவோம். காற்று சுத்தமான இடத்துக்கு மாறுங்கள் என்று டாக்டர் சொன்னதால்தான் இந்தத் தோப்பு வீட்டைப் பிடித்தோம். காற்று சுத்தம்தான். ஆனால் மின்கம்பம் தோப்புக்கு வெளியிலேயே நின்றுவிட்டது. மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்திருந்தோம். வரும், வரும் என்றார்கள்.

மருந்தைப் புகையாக்கி மூச்சோடு உள்ளே அனுப்புகிற நெபுலைசர் மெஷின் ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார் டாக்டர். இழுப்பு வந்தவுடன் முதலில் அதைக் கொடுத்துவிட்டு, பிறகு கிளம்பி வாருங்கள் என்பது அவர் சொன்ன முறை. அது ஓடக் கரண்ட் வேண்டுமே. அதற்காகவே கூரைமேல் ஒரு சோலார் பேனல், கீழே ஒரு பேட்டரி, சின்ன இன்வர்ட்டர் ஒன்று என்று போட முடிவு செய்தோம்.

ராமநாதபுரத்துக் கடையில் எல்லாம் சுலபமாக முடிந்தது, சார்ஜ் கன்ட்ரோலர் ஒன்றைத் தவிர. பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் மாட்டுகிற சிறு பெட்டி அது. கடைக்காரர் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். பேட்டரி நிறைந்தவுடன் மேற்கொண்டு ஏறாமல் பார்த்துக்கொள்வது இரண்டுக்கும் பொது. ஒன்றில் கூடுதலாக ஒரு வேலை இருந்தது: பேட்டரி ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் விளக்கு, ஃபேன் எல்லாவற்றையும் அதுவாகவே அணைத்துவிடும்.

அதுவாகவே அணைத்துவிடும் என்று கேட்டதும் அந்தப் பெட்டியைக் கடைக்காரர் பக்கமே தள்ளினேன்.

"புள்ளைக்கு மூச்சு வாங்குற நேரத்துல அணைச்சுட்டா என்ன செய்யிறது?" என்றேன்.

கடைக்காரர் யோசித்தார். "அப்ப உங்களுக்கு அணைக்காத பெட்டிதான் சரி" என்றார். என் கணவரும் அதுவே நல்லது என்றார். விளக்கு, ஃபேன், மெஷினுக்கான இன்வர்ட்டர் மூன்றையும் அந்த ஒரே பேட்டரியில் மாட்டிக்கொண்டு நிம்மதியாக வீடு திரும்பினோம்.

வெயில் காலம் முழுக்க ஒரு குறையும் இல்லை. ஐப்பசியில் மழை பிடித்தது. அந்தச் சமயம் பார்த்து ஊரிலிருந்து என்னைப் பெற்ற அய்யாவும் தம்பி குடும்பமும் ராமேஸ்வரத்தில் தீர்த்தமாட வந்தார்கள். மழை விடாததால் எங்கள் வீட்டிலேயே தங்கினார்கள். வீடு நிறைய ஆட்கள், விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், ஃபேன் சுற்றிக்கொண்டே இருக்கும்.

"கடக்காத்துக்கு ஃபேன் எதுக்கு தாயி? ஆனாலும் நல்லாத்தேன் இருக்கு. நிறுத்திப்புடாத" என்பார் அய்யா. சூரியனையே காணோம், அக்கா வீட்டில் மட்டும் வெளிச்சம் போகவில்லையே என்று தம்பிக்கு ஆச்சரியம். எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான். அணைக்காத பெட்டியை வாங்கினோமே என்று நினைத்துக்கொண்டேன்.

அவர்கள் ஊருக்குக் கிளம்பிய அன்று மாலை மழை விட்டிருந்தது. பஸ் ஏற்றிவிட என் கணவரும் கூடப் போனார். நான் பாத்திரங்களை ஒதுக்கிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து மகளின் இருமல் கேட்டது. அந்த இருமலின் தொனி எனக்குத் தெரியும். போய்ப் பார்த்தால் கட்டிலில் குனிந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் ஊன்றி, தோளை உயர்த்தி உயர்த்தி மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள்.

மருந்தை ஊற்றி, முகமூடியை மாட்டி, இன்வர்ட்டரைப் போட்டேன். மெஷின் ஒரு முறை உறுமியது. இன்வர்ட்டர் பீப் பீப் என்று கத்தியது. அவ்வளவுதான், அடங்கிவிட்டது. மறுபடி போட்டேன். உறுமல்கூட இல்லை. அண்ணாந்து பார்த்தால் விளக்கு, காய்ந்த எலுமிச்சம்பழ நிறத்தில் மினுங்கிக்கொண்டிருந்தது. கடைசிச் சொட்டு வரை விளக்குக்கும் ஃபேனுக்கும் கொடுத்து முடித்திருந்தது பேட்டரி.

மகளின் உதடு வெளுத்துக்கொண்டு வந்தது. அவளைத் தூக்கிப் பார்த்தேன். ரோடு வரைக்கும் அத்தனை தூரம் சகதியில் தூக்கிக்கொண்டு ஓட என்னால் முடியாது. பாதைக்கு ஓடினேன்.

அந்தப் பாதையில் பொழுது சாயும் நேரத்தில் வள்ளக்காரர்கள், சின்ன நாட்டுப் படகு மீனவர்கள், கடலுக்குப் போவார்கள். ராமேஸ்வரம் தீவில் விசைப்படகுகள் போகிற நாள் வேறு, நாட்டு வள்ளங்கள் போகிற நாள் வேறு. மழையால் பல நாள் கரையிலேயே கிடந்துவிட்டு, அன்றுதான் வள்ளங்கள் கிளம்பின. எனக்கு அது எதுவும் அப்போது தெரியாது. இரண்டு பேர் வருவது மட்டும் தெரிந்தது. முன்னால் வந்தவருக்கு என் வயதுதான் இருக்கும். தோளில் துண்டைச் சுருட்டி வைத்து, அதன்மேல் ஏதோ கனமான பெட்டி. பின்னால் வந்தவர் கையில் டீசல் கேன்.

"அண்ணே, ஆட்டோ ஏதும் வருமா? புள்ளைக்கு இழுக்குது" என்று கத்தினேன்.

"இந்தச் சகதிக்குள்ள ஆட்டோ எங்கன டீச்சர் வரும்? வீட்டுல மருந்து மாத்திரை ஒண்ணுமில்லையா?"

"மருந்து இருக்கு, மெஷினும் இருக்கு. அது ஓடக் கரண்ட்தான் இல்ல."

அவர் நின்றார். "கரண்டா? அது என் தோள்லல்ல இருக்கு!"

அப்போதுதான் பார்த்தேன், அது பேட்டரி. வள்ளத்தில் விளக்குக்கும் கடலில் வழி காட்டுகிற ஜிபிஎஸ் கருவிக்கும் அதுதான் உயிர். கரைக்கு வந்ததும் கழற்றி ஊருக்குள் கொண்டுபோய்ச் சார்ஜ் ஏற்றி, மறுபடி தோளில் சுமந்துகொண்டு போவார்கள். இத்தனை நாளும் என் வாசல் வழியாகத்தான் அது போய் வந்துகொண்டிருந்திருக்கிறது.

பின்னால் வந்தவர் தயங்கினார். "மச்சான், கடலுக்குன்னு எடுத்த சாமானப் பாதி வழியில திருப்பக் கூடாதுல்ல. அதுவும் இத்தன நாள் கழிச்சுப் போறோம்..."

"ஏலே, அத நான் மாதாகிட்டப் பேசிக்கிறேன். மெழுகுவத்தி ஒண்ணு கூட ஏத்துனாப் போச்சு. நீ டார்ச்சப் பிடி."

அடுத்த நிமிடம் பேட்டரி எங்கள் வீட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தது. நான் ஒரு கையால் மகளைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் ஒயரைக் கழற்றப் பார்த்தேன். "நீங்க பாப்பாவப் பிடிங்க டீச்சர். செவப்பு எது, கறுப்பு எதுன்னு மட்டும் சொல்லுங்க" என்றார். எங்கள் பேட்டரியிலிருந்து இன்வர்ட்டர் ஒயர்களைக் கழற்றித் தம்முடையதில் மாட்டினார். மகள் மிரண்டு போய் அவரையே பார்த்தாள்.

"பயப்படாத பாப்பா. இந்தப் பெட்டி நடுக்கடல்ல எங்களுக்கு வழி சொல்லும். இன்னைக்கு உனக்கு ஒரு பாட்டுப் படிக்கப் போகுது, கேளு."

டர்ர்ர் என்று மெஷின் ஓடியது. முகமூடியில் வெண்புகை சுருண்டது. அதைவிட இனிமையான சத்தத்தை என் வாழ்நாளில் கேட்டதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அவள் தோள் இறங்கியது. உதட்டில் நிறம் வந்தது. என் மடியில் சாய்ந்து, "அம்மா, தண்ணி" என்றாள்.

அவர்கள் இருவரும் வாசல்படியில் உட்கார்ந்திருந்தார்கள். கடற்பக்கமிருந்து வள்ளங்களின் இன்ஜின் சத்தம் ஒவ்வொன்றாய் எழும்பித் தேய்ந்துகொண்டே போனது. அது காதில் விழுந்தது. என்ன அர்த்தம் என்பதுதான் எனக்கு உறைக்கவில்லை.

என் கணவர் வந்து சேர்ந்ததும், பேட்டரிக்காரர் டார்ச்சோடு முன்னால் போக, டீசல் கேனோடு வந்த அவர் மச்சான் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ரோடு வரைக்கும் நடந்தார். ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். வீட்டிலேயே ஒரு முறை மருந்து கொடுத்துக் கொண்டுவந்தது நல்லதாயிற்று, இல்லாவிட்டால் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அந்த வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது. மகள் தூங்கிய பிறகுதான் திடுக்கென்று நினைவு வந்தது: அவசரத்தில் எல்லாரும் கிளம்பி வந்துவிட்டோம், பேட்டரி எங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது, வீடு பூட்டியிருக்கிறது.

மறுநாள் மகளை வீட்டுக்கு அழைத்து வந்ததும், பேட்டரியைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போனோம். கூடவே எங்கள் காட்டில் விளைந்த மிளகாய் வற்றல் ஒரு பை. கரை முழுக்க ஒரே இரைச்சல். எல்லா வள்ளங்களிலும் மீன் இறங்கிக்கொண்டிருந்தது. அவருடைய வள்ளத்தில் மட்டும் வலை மடித்தது மடித்தபடி இருந்தது. நான் மிளகாய்ப் பையை அவரிடம் நீட்டினேன்.

"கடல் எங்கன போயிரப் போகுது டீச்சர்? பாப்பா சோறு சாப்பிட்டுச்சா, அதச் சொல்லுங்க" என்றார். மிளகாயை முகர்ந்து பார்த்துவிட்டு, "அடேயப்பா, குழம்பு இல்லாமலே சோறு இறங்கும் போலயே" என்று சிரித்தார்.

அவர் மச்சான் இன்ஜினுக்கு டீசல் ஊற்றிக்கொண்டிருந்தார். கொண்டுவந்தது தீர்ந்து, பின்னால் கட்டியிருந்த சின்ன வெள்ளைக் கேனில் கை வைத்தார்.

"ஏலே, அதத் தொடாத! அது கரைக்கு வர்ற எண்ணெய்."

"தெரியும் மச்சான். உங்க தங்கச்சியக் கட்டுன நாள்ல இருந்து இந்த ஒரு பாட்டத்தான் பாடுறீக" என்று முனகிக்கொண்டே மச்சான் கையை எடுத்தார்.

எவ்வளவு மீன் கிடைத்தாலும், இன்னும் கொஞ்ச தூரம் போகலாம் என்று தோன்றினாலும், அந்தக் கேனைத் திறக்க மாட்டார்களாம். கரைக்குத் திரும்புவதற்கென்று ஒதுக்கியது அது. மிச்சமெல்லாம் தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

திரும்பி வரும் வழியில் என் கணவர் மெதுவாகச் சொன்னார்: "கரைக்கு வர்ற எண்ணெயையும் சேர்த்து நம்ம ஃபேனுக்கு ஊத்திட்டோம்." நானும் அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

அந்த வாரமே மறுபடி ராமநாதபுரம் போனோம். அணைக்கிற பெட்டியைக் கேட்டதும், "அன்னைக்கு வேண்டாம்னு சொன்னீங்களே" என்றார் கடைக்காரர். விளக்கையும் ஃபேனையும் மட்டும் அந்தப் பெட்டி வழியாகக் கொடுத்து, மெஷினுக்கான இன்வர்ட்டரை நேராகப் பேட்டரியில் மாட்டலாமா என்று கேட்டோம். தாராளமாக மாட்டலாம் என்றார். விளக்கு அணைகிற நேரத்தில் பேட்டரியில் மிச்சம் இருக்கும். அந்த மிச்சம் முழுக்க மகளுக்கு.

இப்போது தோப்புக்குள் கம்பம் வந்துவிட்டது. ஆனால் கரண்ட் போய்ப் போய் வருகிறது, ஆகவே பேனலை நாங்கள் இறக்கவில்லை. மகள் வளர்ந்துவிட்டாள், இழுப்பும் வெகுவாகக் குறைந்துவிட்டது. எனக்குத்தான் பயம் விடவில்லை. அவள் இருமினால் இன்றும் என் கண் முதலில் அந்தப் பெட்டியின் பக்கம்தான் போகும். மழை நாட்களில் கரண்ட்டும் இல்லாமல், பேட்டரியும் இறங்கி, பெட்டி தானாக விளக்கை அணைக்கும்போது, "போச்சு, படிக்க விடாது இது" என்று அவள் சலித்துக்கொள்வாள். நான் இருட்டில் அப்படியே உட்கார்ந்திருப்பேன். கடலுக்கு எடுத்த பேட்டரியை எங்கள் வீட்டுக் கட்டிலோரம் இறக்கி வைத்துவிட்டு வாசல்படியில் உட்கார்ந்திருந்த அந்த மனிதரை நினைக்கையில், என் கைகள் தாமாகவே குவிந்துகொள்ளும்.