மூன்று கிளவுடும் ஒரு கம்பெனி நம்பரும்

பேட்டரித் தொழிற்சாலையில் தகடு பிரிவு மேஸ்திரியை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ரூல்ஸ் என்றால்தான் தெரியும். மாத்திரை அட்டையின் பின்பக்கம், எறும்பு மருந்துப் பொட்டலத்தின் ஓரம், பஸ் டிக்கெட்டின் அடிப்பக்கம் என்று பொடி எழுத்து எங்கே இருந்தாலும் கண்ணை இடுக்கிக்கொண்டு படித்து முடித்துவிட்டுத்தான் மனிதர் நகர்வார். லிப்டில் ஏறினால் எத்தனை பேரைத் தாங்கும் என்று படித்துவிட்டு, தலைகளை எண்ணி, ஒருவரை இறக்கிவிடுவார். இறங்கியவர் முணுமுணுத்துக்கொண்டே படியேறுவார்.

பேட்டரிக்குள் போகும் ஈயத் தகடுகளைப் பிரித்து, ஓரம் தேய்த்து, அடுக்குவது அந்தப் பிரிவின் வேலை. தேய்க்கும்போது சாம்பல் நிறத்தில் தூசி பறக்கும். அதை இழுத்து வெளியேற்ற மேசைக்கு மேசை குழாயும், சுவர் ஓரமாக ஒரு பெரிய எந்திரமும் உண்டு. கரண்ட் அதிகம் குடிக்கிறது என்பதால் அந்த எந்திரம் ஓடாது. சோதனைக்கு அதிகாரிகள் வரும் நாளில் மட்டும் காலையிலேயே உறுமத் தொடங்கும். அன்றைக்குக் கண்ணாடி அலமாரி திறக்கப்பட்டு எல்லோருக்கும் முகமூடியும் கிடைக்கும். அதிகாரிகளின் வண்டி வாசலைத் தாண்டியதும் முகமூடியைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

ரூல்ஸின் கை நடுங்க ஆரம்பித்தது. டீ டம்ளரைத் தூக்கினால் பாதி சட்டையில் ஊற்றியது. வயிற்றில் பிடுங்கும் வலி. இரண்டடி தள்ளி வைத்த சாவி எங்கே என்று மறந்துபோனது. வெளி டாக்டர் ரத்தத்தைச் சோதித்து, ஈயம் ஏறியிருக்கிறது என்றார். கம்பெனி டாக்டர் அதே ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "உங்க அப்பாவுக்குக் கை நடுக்கம் இருந்துச்சா?" என்று கேட்டார். எழுபது தாண்டியபின் இருந்தது என்று ரூல்ஸ் உண்மையைச் சொல்ல, பரம்பரை நரம்புத் தளர்ச்சி என்று எழுதிவிட்டார். மேனேஜர் தோளைத் தட்டி, எல்லாம் தலையெழுத்து என்றார். ஒரு சுவிட்சைத் தட்ட மறுத்தவன் அதற்குத் தலையெழுத்து என்று பெயர் வைத்தான். அந்தப் பெயரையும் ஒரு கூட்டம் நம்பியது.

ரூல்ஸ் நம்பவில்லை. எந்திரம் ஓடாத நாட்களை எல்லாம் போனில் வீடியோவாக எடுத்து வைத்திருந்தார். எந்திரத்தில் நின்றுபோன விசிறி, பூட்டிய அலமாரி, பக்கத்துச் சுவரில் மாட்டிய கடிகாரம் எல்லாம் அதில் தெரியும். தொழிலாளர் அலுவலகத்தில் மனு போட்டால் அவர் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் அதுதான். ஆனால் போன் நிரம்பி வழிந்தது. திரை வேறு பாதி நாள் இருட்டாகவே கிடந்தது.

"கிளவுட்ல ஏத்திடுங்க அண்ணே" என்றார் போன் ரிப்பேர் கடைக்காரர். "அப்புறம் போன் சாக்கடையில விழுந்தாலும் கவலை இல்லை."

எந்த கிளவுட் என்பதுதான் கேள்வி. கடைக்காரர் மூன்று சொன்னார். ரூல்ஸ் மூன்றின் நிபந்தனைகளையும் படிக்க உட்கார்ந்துவிட்டார். வீட்டில் சாப்பாட்டுத் தட்டு ஆறிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் நாள் முழுக்கப் போர்வை மடித்துவிட்டு வந்த மனைவி, எதிரே உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள்.

"முதல் கம்பெனி இடம் தாராளமா குடுக்கிறான்" என்றார் ரூல்ஸ். "ஆனா கொஞ்ச நாள் திறந்து பார்க்கலைன்னா எல்லாத்தையும் அழிச்சிடுவானாம். பொடி எழுத்துல போட்டிருக்கான்."

"சரி, அவன் வேண்டாம். அடுத்தவன்?"

"போன்ல இருக்கிறது அப்படியே அங்கேயும் இருக்கும். நல்லதுதான். ஆனா இங்க அழிச்சா அங்கேயும் அழியும். என் கை இருக்கிற நிலைமையில ஒரு தடவை தப்பா பட்டா போச்சு."

"மூணாவது?"

"மாசாமாசம் பணம் கேட்கிறான். ஆனா அழிக்க மாட்டான். தப்பா அழிச்சாலும் ஒரு மாசம் குப்பைத் தொட்டியில வச்சிருப்பான். போன் போனாலும் எந்தக் கம்ப்யூட்டர்லயும் திறந்துக்கலாம்."

"எங்கப்பா எனக்கு மாப்பிள்ளை பார்த்தப்போ இவ்வளவு விசாரிக்கலை."

"விசாரிச்சிருந்தா உன்னை எனக்குக் குடுத்திருப்பாரா?"

"அதான் சொல்றேன்" என்றாள் அவள். "சாப்பிடுங்க முதல்ல."

மூன்றாவதே முடிவானது. மறுநாள் கடையில் உட்கார்ந்து கணக்குத் தொடங்கினார். பெயர் கேட்டது, போட்டார். போன் நம்பர் கேட்டது, போட்டார். அந்த நம்பர் கம்பெனி கொடுத்தது. மேஸ்திரி ஆனால் கம்பெனி சிம் கிடைக்கும். எந்த நேரமும் கூப்பிட்டால் எடுக்க வேண்டும் என்பதற்காகக் கொடுப்பது. ஆனாலும் மேஸ்திரிகளுக்கு அது ஒரு பெருமை. சொந்த நம்பரைக் கைவிட்டு, பேங்க், பிள்ளைகள் பள்ளிக்கூடம், கேஸ் சிலிண்டர் எல்லாவற்றுக்கும் அதையே கொடுத்துவிடுவார்கள். ரூல்ஸும் அப்படித்தான். கிளவுட் கம்பெனிகளின் நிபந்தனைகளில் ஒரு வரி விடாமல் படித்தவருக்கு, தன் சட்டைப்பையில் இருந்த நம்பர் யாருடையது என்ற நினைப்பே வரவில்லை. அது அவரோடு ஒட்டிப் பிறந்த மச்சம் மாதிரி ஆகியிருந்தது.

வீடியோ எல்லாம் ஏறியது. மனு போட்டார். மனு கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்த அன்றே மேனேஜர் அவரைக் கூப்பிட்டு, மருத்துவக் காரணம் சொல்லி வேலையிலிருந்து நீக்கினார். அலுவலகப் பையன் ஒரு ஊசியால் குத்தி சிம்மை எடுத்துக்கொண்டான். ரூல்ஸ் சிரித்தபடிதான் வெளியே வந்தார். சிம் போனால் என்ன, வீடியோ பத்திரமாக இருக்கிறதே.

செத்துக்கொண்டிருந்த போனை ரிப்பேர் கடையில் கொடுத்து, வேறொரு பழைய போன் வாங்கினார். கடைக்காரர் யோக்கியர். அடுத்தவர் கையில் போய்விடக் கூடாதென்று பழையதில் இருந்ததை ஒரு பொட்டு விடாமல் துடைத்துவிட்டார். விசாரணைக்குத் தேதி வந்தது. வீடியோவை ஒரு பென் டிரைவில் போட்டுக் கொண்டுவரச் சொன்னார்கள். ரூல்ஸ் புதுப் போனில் கிளவுடைத் திறந்தார். பாஸ்வேர்டு சரியாக இருந்தது. புதிய கருவி என்பதால் உங்கள் எண்ணுக்கு ஓடிபி அனுப்பியிருக்கிறோம் என்றது.

கடைக்காரர் அவர் முகத்தைப் பார்த்தார். "எந்த நம்பர் அண்ணே குடுத்தீங்க?"

ரூல்ஸின் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது.

அந்த நம்பர் இப்போது புது மேஸ்திரியிடம் இருந்தது. புது மேஸ்திரி வேறு யாருமில்லை, மனைவியின் தம்பி. அவனைத் தகடு பிரிவில் சேர்த்துவிட்டதே ரூல்ஸ்தான். புருஷனும் பெண்டாட்டியும் அவன் வீட்டுக்குப் போனார்கள். ஒரே அறை. கட்டிலில் குழந்தைகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தன.

"ஓடிபி வந்துச்சா மச்சான்?"

"வந்துச்சு மாமா."

"இன்னொரு தடவை அனுப்பச் சொல்றேன். படிச்சுச் சொல்லு, அவ்வளவுதான்."

மச்சான் தரையைப் பார்த்தான். "இந்த நம்பருக்கு வர்றதெல்லாம் ஆபீஸ் கம்ப்யூட்டர்லயும் தெரியுற மாதிரி மாத்திட்டாங்க மாமா. நீங்க மனு போட்டப்புறம்தான். முதல் ஓடிபி வந்ததுமே மேனேஜர் கூப்பிட்டுட்டார். 'இது உன் மாமாவோடதுதானே, எத்தனை தடவை வருதுன்னு பார்க்கிறேன்'னு சொன்னார்."

"அதனால?"

"அதனால ஒண்ணும் இல்லை மாமா." குழந்தைகளை ஒரு பார்வை பார்த்தான்.

"நீயெல்லாம் என் கூடப் பிறந்தவனாடா" என்றாள் அக்கா.

"அக்கா, உன் வீட்டுக்காரர் வேலையும் போச்சு. என் வேலையும் போனா நாலு பேரும் உன் வீட்டுக்குத்தான் வரணும். சமைச்சுப் போடுவியா?"

ரூல்ஸ்தான் எழுந்தார். "விடு, வா போகலாம்."

கிளவுட் கம்பெனியின் உதவிப் பிரிவுக்குக் கடைக்காரரை வைத்து எழுதினார். பதில் மரியாதையாக வந்தது. உங்கள் கோப்புகள் முழுப் பாதுகாப்புடன் இருக்கின்றன, பதிவு செய்த எண்ணை வைத்திருப்பவரால் மட்டுமே அவற்றைத் திறக்க முடியும் என்றது. ரூல்ஸ் அதை இரண்டு முறை படித்தார். விதியில் ஓட்டை எதுவும் இல்லை. திருடனிடமிருந்து சொந்தக்காரனைக் காப்பாற்ற எழுதிய விதி அது. சாவியை முதலாளி வைத்திருக்கிற வீடும் உலகத்தில் உண்டு என்பது எழுதியவனுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. தெரிந்தாலும் அவனுக்கு என்ன?

விசாரணை அறையில் ஒரு நீள மேசை. அதிகாரி மூக்குக் கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டு கேட்டார்: "எந்திரம் ஓடலைங்கிறதுக்கு ஆதாரம் ஏதாவது இருக்கா?"

"இருக்குங்க. பத்திரமா இருக்கு. என்னால திறக்க முடியலை. கம்பெனி நம்பருக்கு ஓடிபி போகுது. நீங்க சொன்னா அவங்க குடுத்துத்தானே ஆகணும்?"

கம்பெனி வக்கீல் சிரித்தார். "எங்க இடத்துல அனுமதி இல்லாம எடுத்த வீடியோவைத் திறக்க நாங்களே உதவணுமா சார்?"

அதிகாரியும் கொஞ்சம் சிரித்துவிட்டார். பிறகு கம்பெனித் தரப்புச் சாட்சியைக் கூப்பிட்டார்கள். மச்சான் வந்து நின்றான். இஸ்திரி போட்ட சட்டை. அக்காவின் பக்கம் திரும்பவே இல்லை.

"தூசி எந்திரம் தினமும் ஓடுமா?"

"ஓடும் சார்."

"முகமூடி?"

"தினமும் குடுப்பாங்க சார்."

எழுதிக்கொண்டார்கள். மனு தள்ளுபடியானது. மேல்முறையீடு செய்யலாம் என்று அதிகாரி சொன்னார். எதை வைத்து என்று சொல்லவில்லை.

மாடிப்படி அருகே மச்சான் காத்துக்கொண்டிருந்தான். "மாமா" என்று ஏதோ தொடங்கினான். அக்கா அவனைக் கடந்து கீழே இறங்கிப் போனாள். ரூல்ஸ் நின்றார். அவன் முகத்தைச் சன்னல் பக்கமாகத் திருப்பினார்.

"வாயைத் திற."

"என்ன மாமா?"

"திற."

மச்சான் திறந்தான். ரூல்ஸ் நடுங்கும் விரலால் அவன் கீழ் உதட்டை இழுத்துப் பார்த்தார். பல்லும் ஈறும் சேரும் இடத்தில் பென்சிலால் இழுத்தது போல ஒரு நீலக் கோடு. உடம்பில் ஈயம் ஏறியவர்களுக்கு வருவது. தன் வாயில் அதைக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து அவருக்கு நன்றாகப் பழக்கம்.

"ரத்தம் டெஸ்ட் பண்ணு. கம்பெனி டாக்டர்கிட்ட போகாதே. வெளியில போ. நாளைக்கே போ."

மச்சான் உதட்டைத் துடைத்துக்கொண்டான். "நாளைக்கு லீவு தர மாட்டாங்க மாமா. இன்னைக்கே சாட்சி சொல்லத்தான் விட்டாங்க."

கீழே கம்பெனி வண்டி ஹாரன் அடித்தது. அவன் இரண்டிரண்டு படியாக இறங்கி ஓடினான்.