எட்டுப் படமும் ஊதாப் பூவும்

கல்யாணமான மூன்றாம் வருஷம் ஒரு பெட்டிக் காமிரா வாங்கினேன். ஒரு சுருளுக்கு எட்டே படம். பங்குனியில் பொன்முடி மலைப் பாதையெல்லாம் காட்டுப் பூ பூத்துக் கிடக்கிறது என்று ஆபீஸில் யாரோ சொல்ல, திருவனந்தபுரத்திலிருந்து வாடகைக் காரில் போய்ப் படமெடுப்பதென்று நானும் மச்சினனும் முடிவு செய்தோம்.

எட்டையும் பங்கிடுவதில்தான் தகராறு. நான் குமாஸ்தா, கட்டம் போட்டே எழுதினேன்: விதுரா தாண்டி மஞ்சள் மூன்று, கல்லாற்றங்கரையில் சிவப்பு மூன்று, மலைமேல் ஊதா இரண்டு.

“ஊதா மூணாவது வேணும், அத்திம்பேர். மஞ்சள்ல ஒண்ணை வெட்டுங்கோ” என்றான் மச்சினன்.

“மஞ்சள்ல கை வெச்சா நான் வரவே மாட்டேன்!” என்று கத்தினேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் இப்படியே போயின. மூன்றாவதில் அவன் எனக்கு ரசனையே இல்லை என்றான். நான் பென்சிலை விட்டெறிந்தேன்.

கூடத்து மூலையில் வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த என் மனைவி, நிமிராமலே கேட்டாள்: “என் கூறைப்புடவை என்ன நிறம், ஞாபகம் இருக்கோ?”

“அரக்கு” என்றேன் பெருமையாக.

“சுவத்துல மாட்டியிருக்கற நம்ம கல்யாணப் படத்துல?”

இருவரும் அண்ணாந்து பார்த்தோம். புடவை அடுப்புக்கரி மாதிரி இருந்தது. மூன்று வாரமாக அந்தப் படத்துக்கு அடியில் உட்கார்ந்துதான் நிறத்துக்காகச் சண்டை போட்டிருக்கிறோம்.

“உங்க காமிராவுல விழறதும் கறுப்பும் வெளுப்பும்தானே? கொல்லையில தும்பை பூத்திருக்கு, மதில்மேல காக்கா உக்காந்திருக்கு. இதுக்கு எதுக்காக்கும் பொன்முடிக்குக் கார்?” என்றாள்.